மாத்திரைக்குப் பிறகு ஒரு கரண்டி

வெல்டர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு துணி காயப்போட இடம் கிடையாது. மாடி முழுக்கப் பச்சைத் தண்ணீர். முழங்கால் உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, உள்ளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கட்டில் அகலத்தில் நீளநீளமாகத் தொட்டிகள். சட்டம் அடித்துக் கொடுத்தவன் வெல்டர். மற்றதெல்லாம் அவன் மனைவியின் பாடு.

அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி மூடியபோது, கூட இருந்தவர்கள் எல்லாரும் அடுத்த கம்பெனியைத் தேடி ஓடினார்கள். இவள் மட்டும் எங்கேயோ இலவசப் பயிற்சி என்று போய், ஒரு கேன் நிறையப் பச்சைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சுருள்பாசி என்றாள். கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருள் சுருளாக வளரும் பாசி. வடிகட்டிக் காயவைத்தால் பொடி. பொடியில் பாதிக்கு மேல் புரதம். வெல்டர் கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குளத்தில் சும்மா கிடக்கிறதுக்கா பஸ் சார்ஜ் கொடுத்தாய் என்று கேட்டான். குளத்தில் கிடக்கிறது வேறு, இது வேறு என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, சட்டம் எப்போது அடித்துத் தருவீர்கள் என்றாள். கேட்ட தோரணையில் மறுநாளே அடித்துக் கொடுத்துவிட்டான்.

தெரு முதலில் சிரித்தது. கொசு வளர்க்கிறாள் என்றது. பிறகு பாசியக்கா என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரில் இருந்த கிண்டல் நாளடைவில் தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

லேசான வேலை இல்லை அது. வெயில் ஏறுவதற்குள் தொட்டித் தண்ணீரை மொண்டு மெல்லிய துணியில் ஊற்றுவாள். தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடும். துணியில் கரும்பச்சையாக மாவு மாதிரி ஒன்று தங்கும். அதை நல்ல தண்ணீரில் அலசி, தொட்டித் தண்ணீரில் கலந்திருந்த உப்பும் சோடாவும் போகப் பிழிந்து, துளை போட்ட குழாயில் அடைத்து வலைமேல் நூல் நூலாகப் பிழிந்துவிடுவாள். கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் சாயங்காலத்துக்குள் அது மொறுமொறு என்று காய்ந்துவிடும். நடுநடுவே தொட்டிகளைக் கலக்கிவிட வேண்டும். கலக்காமல் விட்டால் மேலே இருப்பது வெயிலில் கருகும், கீழே இருப்பது வெளிச்சம் இல்லாமல் பட்டினி கிடக்கும் என்பாள். உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, துடுப்புக் கட்டையோடு தொட்டி தொட்டியாக அவள் நடப்பதைப் பார்த்தால், யாரோ நோயாளிக் கூட்டத்தைப் பராமரிக்கிறவள் மாதிரி இருக்கும். அவள் நகக்கண்ணில் பச்சை போனதே இல்லை.

இப்படி ஒரு மாதிரியாகத் தொழில் பிடிபட்டு வரும்போதுதான் சின்னவன் வந்து சேர்ந்தான்.

சின்னவன் வெல்டரின் ஒரே தம்பி. பெயின்டர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு வர்ணம் அடிக்கிறவன். ஒரு ஊரில் சம்பளம், அடுத்த ஊரில் செலவு என்று சுற்றிக்கொண்டிருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், கயிற்றில் தொங்குகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சிரித்தே தட்டிக் கழித்துவிடுவான். அவன் வந்துவிட்டால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும். ஆனால் அந்தத் தடவை ஆட்டோவிலிருந்து இறங்கியவனை வெல்டருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சட்டை மட்டும் தனியாக வந்து இறங்கியது போல இருந்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். இருமி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

அண்ணிதான் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சளியைப் பரிசோதித்துவிட்டு டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட வேண்டும். முதலில் கொஞ்ச காலம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தனியாகப் படுக்க வேண்டும், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். முன்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, வெல்டரும் அவளும் சமையலறைக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

மாத்திரை கிருமியோடு சேர்த்து அவன் பசியையும் கொன்றது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. முட்டை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பால் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தட்டை எடுத்துக்கொண்டு போவதும் அப்படியே திரும்பிக்கொண்டு வருவதுமாக அவள் அலைந்தாள். கடைசியில் ஒரு டப்பாவில் பொடியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் போய், இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். வெல்டரும் கூட இருந்தான். நர்சம்மா கறாரான ஆள். பொடியை முகர்ந்து பார்த்து, எந்தத் தண்ணீர், சுத்தமாக இருக்கிறதா, பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்ததா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"மாத்திரைதான்மா கிருமியைக் கொல்லும். அதுல பேச்சே கிடையாது. ஆனா உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு பட்டாளம் இருக்கு இல்ல, அது புரதம் இல்லாம உருவாகாது. இவரு எலும்பும் தோலுமா வந்திருக்காரு. பட்டாளமே பட்டினி. அதனால முட்டையோ மீனோ பருப்போ, எது இறங்குதோ அதைக் குடுங்க. உங்க பாசியும் அந்த மாதிரி ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். மருந்து இல்லை. மாத்திரை முதல்ல, சாப்பாடு கூடவே. இதை மட்டும் மாத்திடாதீங்க."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதையே இன்னொரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காயவைக்காத பாசியை ஒரு கரண்டி எடுத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து கொண்டுபோனாள். சின்னவன் டம்ளரைப் பார்த்தான்.

"அண்ணி, சுவத்துக்கு அடிக்கிறதை வயித்துக்கு அடிக்கச் சொல்றீங்களா?"

அவள் தனக்கென்று ஒரு கரண்டியை அப்படியே வாயில் போட்டு மென்று, பல்லைக் காட்டிச் சிரித்தாள். பல்லெல்லாம் பச்சை. சின்னவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வந்து எத்தனையோ நாள் ஆகியும் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கினான். பாதி குடித்தான். அது வயிற்றிலேயே தங்கியது.

அப்புறம் அவள் விடவில்லை. சாற்றில் கலந்தாள், கஞ்சியில் கலந்தாள், பிசைந்த வாழைப்பழத்தில் ஒளித்தாள். அது கொஞ்சம் இறங்கியதும் பக்கத்திலேயே பருப்புத் தண்ணீர், பிறகு குழைந்த சோறு, பிறகு அவித்த முட்டையில் கால்வாசி. மாடியில் வேலை, கீழே அவன், நடுவில் வெல்டருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது. பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருக்கும்போது வெல்டருக்கு நினைப்பு வரும், தன் தம்பிக்குத் தான் இதில் பாதி செய்திருப்பேனா என்று. செய்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பற்றவைப்பான்.

சின்னவன் தேறினான். முதலில் கன்னம் வந்தது. பிறகு குரல் வந்தது. குரல் வந்த பிறகு யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அண்ணியின் பாசியைப் பற்றித்தான் பேச்சு. செத்துப் பிழைத்தவன் சொன்னால் யார் கேட்க மாட்டார்கள்? சளி விடாத குழந்தைக்கு, மூட்டு வலிக்கு, பிரசவமானவளுக்கு என்று ஆளாளுக்கு வந்து பொட்டலம் வாங்கிப்போனார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் இது சத்துள்ள சாப்பாடு என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் மாடிக்கு வருவதற்கு முன்னாலேயே வாசலில் அவர்கள் வேறு கதை கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பேச்சு கடைத்தெரு வரைக்கும் போனது. அங்கே பெரிய மருந்துக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல். தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். விளைவதையெல்லாம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் கடைப் பெயரில் டப்பா. டப்பாமேல் நோய் எதிர்ப்புச் சக்தி என்று பெரிய எழுத்தில். பக்கத்தில் சின்னவனின் படம், முன்னால் எப்படி, இப்போது எப்படி என்று. அவர் போன பிறகு வெல்டர் கனவு காண ஆரம்பித்தான். பக்கத்துக் காலி மனையில் கூரை போட்ட தொட்டிகள். முதலாளியின் பட்டறையை விட்டுச் சொந்தப் பட்டறை. அவள் மட்டும், டப்பாமேல் என்ன எழுதப்போகிறார் என்று ஒழுங்காகச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

படம் எடுக்கிற அன்று சின்னவன் சலவைச் சட்டை போட்டு, தலையை வாரி, தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மருந்துக்கடைக்காரரே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, நடிக்க வேண்டாம், எதனால் எழுந்தீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார். வெல்டர் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கடைசித் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"படுத்த படுக்கையா வந்தேங்க," என்றான் சின்னவன். "எங்க அண்ணிதான் கரண்டி கரண்டியா இதை ஊட்டி எழுப்பினாங்க. எல்லாரும் மாத்திரை மாத்திரைன்னு சொன்னாங்க. நான் அதை நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இந்தப் பாசி ஒண்ணுதான். இப்ப பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, கையில் ஏதோ பரிசு வைத்துக் கொடுத்தவன் மாதிரி சிரித்தான்.

துடுப்பு தண்ணீரில் நின்றுவிட்டது.

"தம்பி, இப்ப என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன் அண்ணி."

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"அது வயித்தைப் புரட்டுது அண்ணி. இது ஒத்துக்குது. எது எழுப்புச்சோ அதை வச்சுக்கிட்டேன்." மாதாமாதம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகளைக் காலி பெயின்ட் டப்பாவுக்குள் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

மருந்துக்கடைக்காரர் முகம் மலர்ந்திருந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடினாலும் கிடைக்காது, அப்படியே போட்டுவிடலாம் என்றார். அவள் துடுப்பைச் சட்டத்தில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதை அழித்துவிடுங்கள் என்றாள். அவர் பொறுமையாக விளக்கினார். நாமாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. பிழைத்தவரே தன் வாயால் சொல்கிறார். உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள்.

"நாளைக்கு இவரை மாதிரி இன்னொருத்தர் இதைப் பார்த்துட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுவாரு. அவருக்கு நான் எங்க போய்ப் பதில் சொல்றது? அழிச்சுடுங்க சார். இல்லைன்னா இந்த மாடியிலிருந்து ஒரு பிடி பொடி உங்க கடைக்கு வராது."

அவர் வெல்டரைப் பார்த்தார். வீட்டு ஆம்பளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்கிற பார்வை. வெல்டருக்கு அந்த நேரத்தில் காலி மனையும் கூரையும் பட்டறையும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. இருங்க, யோசிக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"அழிச்சுடுங்க சார்."

அவர் அழித்தார். பாசி வளர்க்கிறவர்கள் வேறு யாரும் இல்லையா என்ன என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அவள் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். சின்னவன் அசையவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன், மறுபடியும் அந்த மாத்திரைக்குள் என்னைத் தள்ளாதீர்கள் என்று முறுக்கிக்கொண்டான். வெல்டரும் பட்டும் படாமலும், ஆள் தேறித்தானே இருக்கிறான், இரண்டு நாள் கழித்துப் போகலாமே என்றான். கண்ணுக்குத் தேறியிருக்கிறார், உள்ளே போய் யார் பார்த்தது என்று அவள் கேட்டாள்.

சின்னவனுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. அவமானப்பட்டவன் மாதிரி பேசினான்.

"உங்க கையால வளர்த்ததை நீங்களே நம்பலையா அண்ணி?"

"நம்புறேன். அது என்ன செய்யும்னு தெரிஞ்சு நம்புறேன். செய்யாததைத் தூக்கி அது தலையில வைக்க மாட்டேன்." அதுவரைக்கும் அவனை நீங்க என்பதைத் தவிர வேறு எப்படியும் அழைக்காதவள், அடுத்த வார்த்தையை மாற்றினாள். "செருப்பைப் போடு. கிளம்பு."

அவன் எழுந்து செருப்பைப் போட்டான்.

நர்சம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. பெயின்ட் டப்பாவை மேசைமேல் கவிழ்த்து, விழுந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மறுபடியும் பரிசோதித்துப் பார்த்ததில், சளியில் கிருமி திரும்ப வந்திருந்தது. பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருந்தால், அப்புறம் வைத்தியம் வருஷக்கணக்கில் இழுக்கும், சாதாரண மாத்திரைக்கு அடங்காது என்றார். அதைத் தெரிந்துகொள்ள மாதிரியைப் பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரைக்கும் காத்திருக்காமல் மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் நடுவில் தேறினது எதனால் என்று வெல்டர் கேட்டதற்கு, முதல்ல ஒழுங்கா போட்ட மாத்திரைதான் கிருமியை அடக்கிச்சு, சாப்பாடு உடம்பைத் தேத்திச்சு, இவரு பாதியை மறந்துட்டாரு என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் மறுபடியும் முன்னறைக்குள் போனான். துணி மறுபடியும் முகத்துக்கு ஏறியது. அவள் தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்து, விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரைக்கும் எதிரிலேயே நிற்பாள். அதன் பிறகு கஞ்சி, கொஞ்ச நேரம் கழித்துப் பாசி. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்குவான்.

மாடி வேலை முடிந்த பிற்பகல்களில் அவள் இன்னொரு வேலை ஆரம்பித்தாள். பொட்டலம் வாங்கிய வீடு வீடாகப் போனாள். நான் கொடுத்தது சாப்பாடு, மருந்து இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னது தப்பு, மருந்து ஏதாவது சாப்பிடுகிறவர்களாக இருந்தால் நிறுத்தாதீர்கள் என்று சொன்னாள். சிலர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வளர்க்கிறவளுக்கே நம்பிக்கை இல்லை, நாம் எதை நம்பி வாங்குவது என்று ஒரு பெண் அவள் காதுபடவே சொன்னாள். வெல்டருக்கு ரோஷம் வந்தது. எதற்காக இப்படி வலியப்போய்த் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டான். நீங்களும் வாங்க, கூட வந்து பாருங்க என்றாள்.

போனான். சைக்கிள் கடைக்காரர் வீட்டில் அவர் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாசிப் பொட்டலம். ரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று அவள் கேட்டதற்கு, அதுதான் இது வந்துவிட்டதே என்று சைக்கிள் கடைக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, அது சத்து ஏறுகிற அறிகுறி என்று நினைத்தாராம். அவள் பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, இப்போதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாள். வெல்டர் தன் வண்டியிலேயே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். அதற்கப்புறம் மிச்ச வீடுகளுக்கு அவளோடு அவனும் போனான். அவள் பேசுவாள், இவன் பக்கத்தில் நிற்பான். காதுபடச் சொல்கிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள்.

விற்பனை படுத்துவிட்டது. பாசிக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்தது. அவளும் அறுவடை செய்து, காயவைத்து, டப்பாக்களில் அடைத்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

பரிசோதனை முடிவு வராமல் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மழை பிடித்தது. அன்று மத்தியானம் வானம் கறுத்ததைப் பார்த்ததும் வெல்டர் பட்டறையில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். மழைத்தண்ணீர் தொட்டிக்குள் இறங்கினால் சோடா நீர்த்துப்போய், கண்ட பாசியும் புகுந்து, வளர்த்ததெல்லாம் நாறிப்போகும் என்று அவனுக்கு இத்தனை நாளில் தெரிந்திருந்தது. தெருமுனையிலேயே மழை அறைந்தது. மாடிக்கு ஓடினான்.

தொட்டிகளுக்கு மேல் மழைக்காகக் கட்டியிருந்த விரிப்பு ஒரு பக்கம் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மூலையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர் மூலையில் சின்னவன். முகத்தில் கட்டிய துணி நனைந்து ஒட்டியிருக்க, கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி நின்றான். காற்றில் தொங்கிப் பழகியவனின் நிற்பு அது. உள்ளே போ என்று அவள் கத்துவது மழையில் கேட்கவில்லையோ, கேட்டும் கேட்காதவன் மாதிரி இருந்தானோ. வெல்டர் நடுப்பக்கத்தைத் தாவிப் பிடித்தான். சின்னவன் கயிற்றைப் போடச் சொன்ன இடத்தில் போட்டு, இழுக்கச் சொன்னபோது இழுத்து, ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். ஓரத்தில் இருந்த இரண்டு தொட்டிகள் போயின. மற்றது நின்றது.

படிக்கட்டுக் கூரைக்கு அடியில் மூன்று பேரும் ஈரத்தோடு உட்கார்ந்தார்கள். அவள் உள்ளேயிருந்து துண்டை எடுத்து வந்து சின்னவன் தலையில் போட்டாள். அவன் இருமி ஓய்ந்தான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"வயித்தைப் புரட்டுதுன்னு மட்டும் நான் நிறுத்தலை அண்ணி."

அவள் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்து உங்க வீட்ல பாதியை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். எழுந்திரிச்சும் சும்மா உக்காந்து திங்கிறேன். உங்களுக்குன்னு குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? நாலு பேர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்றதுதான் என்னால முடிஞ்சது. மாத்திரையும் சேர்ந்துதான் எழுப்புச்சுன்னா அதுல உங்க பங்கு கொறைஞ்சு போகுமேன்னு தோணிச்சு. முழுசா உங்களுக்கே இருக்கட்டும்னு நெனைச்சேன்."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். தம்பியின் மனத்தில் இப்படி ஒரு கணக்கு ஓடியது அவனுக்குத் தெரியாது. வீட்டில் பாரமாக இருப்பதாக அவனை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஆனால் நினைக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

"எனக்குப் பங்கு கம்மியானா பரவாயில்லை," என்றாள் அவள். "சொல்றதுதான் சொல்றீங்க, மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்பதான் கேக்கிறவன் பிழைப்பான்."

பிறகு மாடிப்பக்கம் கையைக் காட்டி, "இப்ப கயிறு கட்டினீங்களே, அது எனக்குத் தெரியாது. உங்க அண்ணனுக்கும் தெரியாது. மாடி நின்னது உங்களாலதான்," என்றாள். அவள் மறுபடியும் நீங்க என்பதற்குத் திரும்பிவிட்டதை வெல்டர் கவனித்தான். சின்னவனும் கவனித்திருக்க வேண்டும். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவன் சுவரைப் பார்த்து விழுங்கவில்லை. மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டான். குமட்டல் வந்தால், அண்ணி, பட்டாளம் சண்டைக்குக் கிளம்பிடுச்சு என்பான். நர்சம்மா மாத்திரை நேரத்தை ஆகாரத்துக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்ததில் புரட்டல் கொஞ்சம் அடங்கியது. பரிசோதனை முடிவும் வந்தது. கிருமி இன்னும் சாதாரண மருந்துக்கு அடங்குகிற கிருமிதான். நர்சம்மா அதைச் சொன்னபோது அவள் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தனை வெயிலிலும் மழையிலும் தளராதவள் அங்கே உட்கார்ந்ததைப் பார்த்துத்தான், இத்தனை நாளும் அவள் எதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள் என்பது வெல்டருக்கு உறைத்தது.

அந்தப் பெஞ்சில்தான் நர்சம்மா அவளிடம் இன்னொரு விஷயம் கேட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாடு இறங்காமல் கிடக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். டாக்டரிடம் பேசிவிட்டேன், நீங்கள் வந்து எப்படிக் கலந்து கொடுப்பது என்று காட்டுகிறீர்களா? அதற்கு வேண்டிய பாசியை ஆஸ்பத்திரியே வாங்கிக்கொள்ளும். அவள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னாள். மாத்திரையை என் கண்ணெதிரில் போட்டவர்களுக்குத்தான் கொடுப்பேன். நர்சம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

சின்னவன் மருந்துக் காலம் முழுவதையும் முடித்தான். கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. உயரத்துக்கு இப்போதைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், உள்சுவர் வேலைகளாகப் பிடித்துக்கொண்டான். காலையில் வேலைக்குப் போகும்போது தூக்குப் பாத்திரத்தில் அண்ணி கட்டிக் கொடுத்த சாப்பாடு ஆடிக்கொண்டே போகும். யாராவது பாசியைப் பற்றிக் கேட்டால் நின்று நிதானமாக, முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருவான். கதை முன்புபோல விறுவிறுப்பாக இல்லை என்று தெருவில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் பட்டறை வேலை சீக்கிரம் முடிந்துவிட, வெல்டர் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போனான். ஜன்னல்கள் திறந்து கிடந்த நீளமான அறையில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் பாத்திரமும் கரண்டியுமாக ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டிருந்தாள். விழுங்கச் சொல்வாள், வாயைத் திறக்கச் சொல்வாள், பிறகு டம்ளரில் ஒரு கரண்டி கலந்து கொடுப்பாள். ஒரு பெரியவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, இதைக் குடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். சரியாக்குவது இப்போது விழுங்கினீர்களே அது, இது அது வேலை செய்ய உடம்புக்குத் தெம்பு என்றாள். அவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குடித்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. வாந்தி வரும், முடியாதுக்கா என்று மட்டும் சொன்னாள்.

பாசியக்கா வற்புறுத்தவில்லை. பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்து, எந்தத் தொழில் பார்க்கிறாய், வீட்டில் யார் யார் என்று பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். அவசரம் உள்ளவள் மாதிரியே தெரியவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் உட்காரச் சொன்னாலும் உட்காருகிறவளாக இருந்தாள்.

வெல்டர் அவளைக் கூப்பிடவில்லை. வெளியே போய் வண்டியை வெயிலிலிருந்து மரத்தடி நிழலுக்குத் தள்ளி, பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். அதன்மேல் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்தான். நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும்.